திறந்த காருக்கு விலை குறைவு

ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். அங்கு நீங்களும் உங்கள் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதினோரு வருடமாக உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஃபோனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் கடைசியாக நாம் ஃபோனில் பேசியது நல்லபடியாக முடியவில்லை. ஆகவே கடிதம்.

காரியம் இதுதான். உங்கள் அண்ணன் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அவருடைய காரை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். திங்கட்கிழமைதோறும் காலையில் அதை வெளியே எடுத்து, நூலகம் வரை போய், திரும்பக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. எழுபத்திரண்டு வயதில் நான் கார் ஓட்டவில்லை, ஒரு பேட்டரிக்குப் பணிவிடை செய்துகொண்டிருக்கிறேன். மகளிடம் சொன்னால், “வித்துத் தொலைம்மா” என்கிறாள். தொலைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. சரியான விலைக்கு விற்கிற உத்தேசம் உண்டு.

முப்பத்தொரு வருடம் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை எழுதிய கை இது. காருக்கும் ஓர் அட்டை எழுதியிருக்கிறேன். இரண்டு கதவு, இரண்டு இருக்கை. கரும்பச்சை நிறம். கறுப்புத் துணிக் கூரை, மடக்கிப் பின்னால் இறக்கும் வகை. வலது முன் விளக்கின் ஓரம் ஒரு கீறல். அது என்னுடையது, ஆனால் பால் வண்டிக்கும் அதில் பங்கு உண்டு. கூரையின் வலப்பக்கக் கொக்கி இறுகியிருக்கிறது. மற்றபடி நல்ல நிலை.

இந்தக் காரை எங்களுக்கு விற்றவர் நீங்கள். இப்போது அது என்ன விலை போகும் என்று சொல்லவேண்டிய கடமையும் உங்களுடையதுதான். அவரை எடுத்த அன்று கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனீர்கள். நான் பார்க்காமல் இல்லை.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும், பக்கத்தைத் திருப்புகிறவள் வம்பு பேசுகிறாள் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்வார். பக்கம் முடிந்தது.

இப்படிக்கு,
தங்கள் அண்ணனின் மனைவி

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததுமே நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். கார் யார்டில் கணக்குப் பார்க்கிற பெண், “யாருங்க, இன்கம்டாக்ஸா?” என்றாள். “அதுக்கும் மேல” என்றேன்.

அண்ணி, கல்யாணமாகி வந்த வருடம் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டேன் என்று என் காதைத் திருகியவர் நீங்கள். இப்போது வரிக்கு வரி ‘நீங்கள், உங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். காதைத் திருகியதே தேவலை.

விலைக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால் திட்டுவீர்கள். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிட்டுத் திட்டுவீர்கள். ஆகவே உண்மை. திறந்த காருக்கு விலை குறைவு.

ஒரே மாடல், ஒரே என்ஜின், ஒரே வருடம். ஒன்று இரும்புக் கூரை போட்ட ஹார்ட்டாப், இன்னொன்று துணிக் கூரை. ஷோரூமில் துணிக் கூரைக்குத்தான் விலை அதிகம். பழசாகி என் யார்டுக்கு வரும்போது எல்லாம் தலைகீழ். வாங்க வருகிறவர் திறந்த காரைச் சுற்றிச் சுற்றி வருவார், “ஆஹா” என்பார், உள்ளே உட்கார்ந்து ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்வார். அப்புறம் எழுந்து வந்து ஹார்ட்டாப்புக்கு விலை கேட்பார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. மழைக்கு ஒழுகுமோ, தெருவில் நிறுத்தினால் எவனாவது பிளேடு போட்டுவிடுவானோ என்று பயம். கூரைத் துணி மாற்றுவது சின்னச் செலவு இல்லை. தலைக்குமேல் இரும்பு இல்லாததால் பள்ளத்தில் இறங்கும்போது வண்டி உடம்பு லேசாக நெளியும், கதவு முனகும். ஹார்ட்டாப் அப்படி இல்லை. வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும். எவ்வளவு வேகத்திலும் பக்கத்திலிருப்பவர் பேசுவது காதில் விழும். அதே மாடல் ஹார்ட்டாப்பைத்தான் நான் பதினோரு வருடமாக ஓட்டுகிறேன். என் மனைவி பேசுவது முழுசும் கேட்கிறது. அதை வண்டியின் குணத்தில் சேர்ப்பதா குறையில் சேர்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒரு கண் டாக்டர் இருக்கிறார். கார் வாங்க வேண்டும் என்று நான்கு மாதமாக யார்டுக்கு வந்து போகிறார். செப்டம்பர் கடைசிக்குள் முடிக்கச் சொல்கிறார். அவரிடம் பேசுவதற்குமுன் எனக்கு மூன்று விவரம் வேண்டும். மீட்டரில் எத்தனை கிலோமீட்டர்? கூரை மடிகிற இடத்தில் துணி எப்படி இருக்கிறது? டிக்கியில் ஈரம் உண்டா?

அன்று கேட்டைத் தாண்டி வராததற்குக் காரணம், நீங்கள் வரவேண்டாம் என்று சொன்னதை வாபஸ் வாங்கவில்லை என்பதுதான். கோபமெல்லாம் இல்லை அண்ணி.

என்றும் அன்புடன்,
சின்னவன்

*

ஆகஸ்ட் 16

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. ஒற்றுப்பிழை ஐந்து. குறித்து வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்.

திறந்த காருக்கு விலை குறைவு என்று எனக்கே பாடம் நடத்துகிறீர்களே, அதையேதான் நான் அன்று சொன்னேன். உங்கள் அண்ணன் ஓய்வு பெற்றதும் வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை, ஸ்போர்ட்ஸ் கார், என்றார். பல்செட் செய்தே நாற்பது வருடம் ஓட்டிய மனிதர், கேட்டது அது ஒன்றுதான். சரி என்றேன். ‘ஹார்ட்டாப் மட்டும்’ என்று ஓர் அட்டையில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்து உங்களிடம் அனுப்பினேன். அவர் துணிக் கூரையோடு வந்து இறங்கினார். “ஹார்ட்டாப் வித்துப்போச்சாம். தம்பி இதத்தான் குடுத்தான்” என்றார். விலை போகாத சரக்கைச் சொந்த அண்ணன் தலையிலேயே கட்டிவிட்டீர்கள் என்று நான் ஃபோனில் சொன்னதும், இனி என் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்றதும் அதனால்தான். நீங்கள் “சரி அண்ணி” என்றீர்கள். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுத்திருந்தால் நான் யோசித்திருப்பேன்.

போகட்டும். விவரங்கள்: டிக்கியில் ஈரம் இல்லை. கூரை மடிகிற இடத்தில் குறுக்காக மூன்று வெள்ளைக் கோடு, துணி நைந்திருக்கிறது. பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடியும் மடிப்பு வாக்கில் மங்கியிருக்கிறது. வாங்கியதிலிருந்து நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

இந்த இரண்டும் எனக்குப் புரியவில்லை. என்னைப் பொறுத்தவரை அது மூடிய கார்தான். வாங்கிய வாரம் ஒரே ஒரு தடவை கூரையை இறக்கினோம். நான்கு நிமிடம். பாலம் ஏறும்போது, “மூடுங்க, தூசி” என்றேன். ஓரம் கட்டி மூடினார். அதன்பிறகு அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. திறக்காத கூரை எப்படி மடிப்பில் நையும்?

வாராவாரம் மார்க்கெட்டும் நூலகமும். வருடத்தில் இரண்டு தடவை என் தங்கை வீடு. மாதத்தின் முதல் சனிக்கிழமை அவர் மட்டும் ஊர் எல்லையிலுள்ள தன் பழைய பல்செட் லேபுக்குப் போய் வருவார், புதிதாக வந்தவர்களுக்கு வேலை சொல்லித்தர. தாராளமாகப் போட்டாலும் பதினாறாயிரத்தைத் தாண்டவில்லை. மீதி இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டர் எங்கே போனது?

நீங்கள் இந்தத் தொழிலில் இருப்பவர். பதில் எழுதவும்.

இப்படிக்கு,
அண்ணி

*

ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

ஒற்றுப்பிழைகளை அனுப்ப வேண்டாம். எனக்கும் அறுபத்தாறு ஆகிறது. இனித் திருந்துவேன் என்று தோன்றவில்லை.

மடிப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெயிலில் நின்றாலே துணி அப்படித்தான் வெளுக்கும். மீட்டரும் சில வண்டிகளில் அவசரப்பட்டு ஓடும். மனிதர்களில் அப்படி இல்லையா, அதுபோல.

ஒரு யோசனை சொல்கிறேன். கண் டாக்டரெல்லாம் வேண்டாம். காரை நானே எடுத்துக்கொள்கிறேன். ஹார்ட்டாப்புக்கு என்ன விலையோ அதையே தருகிறேன். வண்டியைத் துடைக்கக்கூட வேண்டாம், அப்படியே அனுப்பிவிடுங்கள். எதையும் கிளற வேண்டாம்.

என் மனைவி உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
சின்னவன்

*

ஆகஸ்ட் 29

அன்புள்ள தம்பிக்கு,

இவ்வளவு மோசமாகப் பொய் சொல்கிறவர் எப்படிப் பழைய கார் வியாபாரம் செய்து குடும்பம் நடத்தினீர்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

தெருமுனை மெக்கானிக்கை வரவழைத்தேன். நல்ல வேலைக்காரர், நகம்தான் பார்க்கச் சகிக்காது. கூரையைத் தடவிப் பார்த்தார்.

“இது வெயில் இல்லம்மா. மடிச்சு மடிச்சு வந்தது. நூறு தடவைக்கு மேல எறக்கி ஏத்தியிருக்காங்க.”

“மீட்டர் வேகமாக ஓடுமா?”

“மீட்டர் ஏம்மா ஓடுது? வண்டி ஓடினாத்தான் அது ஓடும்.”

பிறகு, கூரை மடங்கி இறங்குகிற பள்ளம் இருக்கிறதே, இருக்கைக்குப் பின்னால், அதில் கையை விட்டார். ஒரு பொட்டலம் வந்தது. கடைக் காகிதம் பிரிக்காமல், ஓரம் மட்டும் நைந்து. பிரித்தேன். பட்டு ஸ்கார்ஃப். நீலம். “உங்களுதாம்மா?” என்று கேட்டார். “ஆமாம்” என்றேன். கான்வென்ட்டை விட்டு வந்தபிறகு நான் சொன்ன முதல் பொய் என்று எழுதத்தான் ஆசை. அது இரண்டாவது.

பழைய லேபுக்கு ஃபோன் செய்தேன். உங்கள் அண்ணன் ஓய்வு பெற்றபிறகு ஒரு சனிக்கிழமைகூட அங்கே வந்ததில்லையாம்.

இன்னொன்று. ஹார்ட்டாப் விற்றுப்போயிற்று என்றுதானே அன்று சொன்னது? அதே மாடல் ஹார்ட்டாப்பைப் பதினோரு வருடமாக ஓட்டுகிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விற்றுப்போன காரை ஓட்டுகிறவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆகவே உங்களுக்கு ஏதோ தெரியும். தெரிந்ததை மறைக்கத்தான் காரையே வாங்கிக்கொள்ளப் பார்க்கிறீர்கள். நான் நேராகவே கேட்கிறேன். அந்த ஸ்கார்ஃப் யாருடையது? ஒரு பெண் என்றால் பெண் என்று எழுதுங்கள். நான் மயங்கி விழுகிற ரகம் இல்லை. நாற்பத்து மூன்று வருடம் ஒருவரோடு வாழ்ந்துவிட்டு, அவர் யார் என்று தெரியாமல் திங்கட்கிழமைதோறும் அவர் காரைத் துடைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. மற்றதெல்லாம் முடியும்.

அண்ணி

*

செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணிக்கு,

பெண் இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். அந்த இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டரும் என்னோடுதான்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அன்று யார்டில் இரண்டு காரையும் கழுவிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். இரண்டும் கரும்பச்சை. அண்ணன் சட்டைப்பையிலிருந்து உங்கள் அட்டையை எடுத்தார், படித்தார், திரும்ப வைத்துக்கொண்டார். ஹார்ட்டாப்பில் ஒரு சுற்றுப் போய் வந்தார். “நல்லா இருக்கு” என்றார். சும்மா பார்க்கலாமே என்று மற்றதில் ஏறினார். போனவர் நாற்பது நிமிடம் வரவில்லை. வந்தபோது தலைமுடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

“டேய், மேல ஒண்ணுமே இல்லடா!”

“அதத்தாண்ணே நானும் சொல்றேன். மேல ஒண்ணும் இல்ல, விலையும் போகாது. அண்ணி கொன்னுடுவாங்க.”

“என்னை ஏன் கொல்றா? உன்னைத்தான் கொல்லுவா. ஹார்ட்டாப் வித்துப்போச்சுன்னு சொல்லிடறேன். நாலு நாள் பொறுத்துக்க, கோவம் ஆறினதும் நானே உண்மையச் சொல்லிடறேன்.”

அண்ணி, நாற்பது வருடம் ஜன்னல் இல்லாத லேபில், பல் அச்சு மாவுத் தூசியில், குனிந்த தலை நிமிராமல் அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்த மனிதர். மேலே ஒன்றுமே இல்லை என்று அவர் சொன்னபோது முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சரி என்றிருப்பீர்கள். நாலு நாள்தானே என்று பழியை ஏற்றுக்கொண்டேன். அது அவர் காலம் முழுக்க ஆகிவிட்டது. ஹார்ட்டாப்பை யாருக்காவது விற்று, அது என்றைக்காவது உங்கள் கண்ணில் பட்டுத் தொலைத்தால்? உங்கள் கண்ணுக்கு எது தப்பியிருக்கிறது? அந்தப் பயத்தில் நானே எடுத்துக்கொண்டேன். இப்போது அதை உங்களிடம் நானே உளறியும் வைத்தேன்.

வீட்டுக்கு வரக்கூடாது என்றதும் அண்ணனுக்குத் தாங்கவில்லை. முதல் சனிக்கிழமை ஏற்பாடு அவருடையதுதான். உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் சரிபாதியில் லாரிகள் நிற்கிற ஒரு ஓட்டல். பத்து மணிக்கு அவர் திறந்த காரில் வருவார், நான் ஹார்ட்டாப்பில். காபி குடித்துவிட்டுச் சாவியை மாற்றிக்கொண்டு ஒரு சுற்று. பிறகு சண்டை. நான் வளைவு, பிடிப்பு, மறுவிற்பனை என்பேன். அவர் கேட்கிற கேள்வியே வேறு.

“பிஸ்கட் கம்பெனியைத் தாண்டறப்போ உனக்கு என்ன தெரிஞ்சுது?”

“காம்பவுண்டு சுவர்.”

“எனக்கு இன்னிக்கு ஏலக்காய் பிஸ்கட் போடறாங்கன்னு தெரிஞ்சுது.”

ஓட்டல் சப்ளையர் எங்களைப் பார்த்தாலே, “ரெண்டு பேருக்கும் எப்பத்தான் சார் முடிவாகும்?” என்பார். முடிவாகவே இல்லை. போன வருடம் மே மாதம்தான் கடைசி.

இனி அந்த ஸ்கார்ஃப். இதை எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் பேனாவை மூடி மூடித் திறந்தேன். தப்பாக நினைக்காதீர்கள். அது உங்களுக்கு வாங்கியது. ஓட்டலுக்குப் பக்கத்துக் கடையில், ஆறு வருடத்துக்கு முன். நீலம் என் தேர்வு. பிடிக்கவில்லை என்றால் என்னைத் திட்டுங்கள். மாதாமாதம், “இந்தத் தடவை குடுத்துடறேன்டா” என்று சொல்லிக் கிளம்புவார். அடுத்த மாதம் பொட்டலம் அப்படியே இருக்கும்.

“குடுக்க வேண்டியதுதானேண்ணே?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“எப்படிடா? ‘இதக் கட்டிக்கோ, காத்துல ஒண்ணும் ஆகாது’ன்னு சொன்னா, எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சுடுமே.”

“எது?”

“அவ வச்சிருக்கறது சவுரிடா. உடம்பு சரியில்லாம இருந்து எழுந்தப்புறம் பாதிதான் அவ முடி. பாலத்துமேல அது கழலப் பாத்துது. அதான் மூடச் சொன்னா. தூசியும் இல்ல, மண்ணும் இல்ல.”

“தெரிஞ்சா என்னண்ணே? பொண்டாட்டிதானே?”

“நாப்பது வருஷமா பல்செட் பண்றேன். போட்டவங்க சிரிக்கும்போது அது செட்டுன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அதான் நல்ல வேலை. அவ தினமும் காலைல அவ்வளவு நல்ல வேலை பண்ணிட்டு வந்து நிக்கறா. நான் போய், ‘எனக்குத் தெரியும்’னு சொல்லணுமா?”

அவ்வளவுதான் அண்ணி. கிளற வேண்டாம் என்று எழுதியது இதற்காகத்தான். பெண் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதைவிட இது மேல் என்று என் மனைவி சொன்னாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள். எனக்குப் பழக்கம்தான்.

சின்னவன்

*

செப்டம்பர் 13

அண்ணி,

பதில் இல்லை. எழுதியிருக்கக் கூடாதோ? கண் டாக்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். அதைவிடுங்கள். நன்றாகச் சாப்பிடுகிறீர்களா என்று ஒரு கார்டில் ஒரு வரி போடுங்கள், போதும்.

சின்னவன்

*

செப்டம்பர் 18

அன்புள்ள தம்பி,

நன்றாகச் சாப்பிடுகிறேன். உன் கடிதம் வந்தபிறகு மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. மகள் ஃபோன் செய்தால் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். இந்த மாதம் பொய் அதிகமாகிவிட்டது.

என் முதல் பொய் அந்தத் தூசி. பாலத்தில் மூன்று கொண்டை ஊசி போயிற்று, நான்காவது என் கையில் இருந்தது. அவர் ஏன் என்று கேட்காமல் மூடினார். கேட்கவில்லையே என்று எனக்கு அன்று அவ்வளவு பெருமை. பதினெட்டு வருடமாக அவருக்கு முன்னால் எழுந்து, கதவைத் தாழிட்டு, கொண்டை போட்டு, ஒரு மனிதரை ஏமாற்றிக்கொண்டிருக்கிற சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொய்ப்பல் செய்கிறவருக்குப் பொய்முடி தெரியாமல் இருக்குமா என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. நான் இருக்கிற அறைக்குள் வருமுன் அவர் எப்போதும் இருமுவார். சளி என்று கஷாயம் கொடுத்தேன். அதையும் குடித்தார்.

அவருடைய லேபுக்கு நானும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஜன்னல் இல்லை என்பது நீ எழுதித்தான் எனக்கு உறைத்தது. அவர் எனக்குப் பயந்து பொய் சொன்னார் என்பதில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. சரியாகச் செய்கிறேனா என்று தெரியவில்லை. செய்யாத தப்புக்கு உன்னைப் படியேறாதே என்றேன். நீ “சரி அண்ணி” என்றாய். சொந்தத் தம்பியைப் பார்க்க அவர் மாதாமாதம் லாரிக்காரர்கள் ஓட்டலுக்குப் போகவேண்டியிருந்தது. என் வீட்டில் காபி நன்றாகவே இருக்கும். தப்பு என்னுடையது. இந்த வரியை இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இதில் எழுதுகிறேன்.

பக்கத்தைத் திருப்பிவிட்டேன். சிஸ்டர் மன்னிக்கட்டும்.

இனி வியாபாரம். கார் விற்பனைக்கு இல்லை. உன்னுடையதை விற்றுவிடு. ஹார்ட்டாப் எனக்காக எடுத்து வைத்தது; ஆகவே அதை விற்கச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. நல்ல விலை போகிறதை விற்க வேண்டும், போகாததை வைத்துக்கொள்ள வேண்டும். நீ எழுதிய காரணங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் அந்தக் கண் டாக்டரிடம் சொல். பார்வை சரியாக இருந்தால் ஹார்ட்டாப்பை எடுத்துக்கொள்வார்.

பிறகு, அக்டோபர் முதல் சனிக்கிழமை பஸ் பிடித்து இங்கே வா. கேட்டோடு நிற்காதே, படியேறி உள்ளே வா. காபி குடித்துவிட்டு அந்த ஓட்டல் வரை போகலாம். போகும்போது நீ ஓட்டு, திரும்பும்போது நான். முடிவாகிவிட்டது என்று அந்தச் சப்ளையரிடம் நான் சொல்ல வேண்டும். பிஸ்கட் கம்பெனி வந்தால் பேச்சை நிறுத்து. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். இரண்டே இருக்கை என்பதால் நவம்பரில் அவளும் நானும் போவோம், நீ வீட்டில் இரு.

நேரில் பார்க்கும்போது திடுக்கிடாதே. என் சொந்தக் கொண்டை எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கிறது. இனி அதுதான். மேலே நீல ஸ்கார்ஃப். நான் பச்சை எடுத்திருப்பேன். ஆனால் பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று திங்கட்கிழமை. காரை எடுத்தேன். நூலகத்து வாசலில் காவலாளி ஓடி வந்தார்.

“மேடம், கூரை கழண்டுடுச்சா?”

“இல்லை. திறந்திருக்கு” என்றேன்.

அங்கே திரும்பாமல் பாலத்துக்குப் போனேன். நான்கு நிமிடம். அப்புறம் ஐந்தாவது நிமிடமும் ஓட்டினேன்.

உன்
அண்ணி

பின்குறிப்பு: அட்டையில் ஒரு திருத்தம். கூரையின் வலப்பக்கக் கொக்கி இறுகியிருக்கிறது என்று எழுதியிருந்தேன். தவறு. ஒரு விரலுக்கே வந்துவிட்டது. அதற்குமுன் நான் அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை.